மக்காதது வேறு, உழைப்பது வேறு

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வாளியை எடுத்துப் பாருங்கள். வாங்கியபோது பளபளவென்று சிவப்பாக இருந்தது, இரண்டு கோடை கடந்ததும் வெளிறிப்போயிருக்கும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டும். நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி மாட்டியிருக்கும் காது பொட்டென்று உடையும். அதே வாளி குளியலறையில் இருந்திருந்தால் பல ஆண்டுகள் உழைத்திருக்கும். உடைந்த வாளியைக் குப்பையில் எறிந்தாலோ, அது மண்ணோடு மண்ணாகிவிடாது. சில்லுச் சில்லாக நொறுங்கி அப்படியே கிடக்கும்.

‘பிளாஸ்டிக் மக்காது’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அதனால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகை செய்து பூங்காவில் பெஞ்சாகப் போட்டால் அது காலத்துக்கும் நிற்கும் என்று நம்பத் தோன்றுகிறது. மக்காதது என்றால் நுண்ணுயிர்களால் அதைத் தின்று செரிக்க முடியவில்லை என்றுதான் பொருள். உழைப்பது என்றால் வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகும் பாரம் தாங்குவது. வாளி மக்கவில்லை, ஆனால் உழைக்கவும் இல்லை.

பழைய பிளாஸ்டிக்கோடு மரத்தூள், நெல் உமி, சணல், தேங்காய் நார் போன்றவற்றைக் கலந்து செய்யும் கூட்டுப் பலகைகளில் இந்த வேறுபாட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒரு பாதி மக்காத பொருள், மறுபாதி மக்கும் பொருள். வெயில் முதல் பாதியைத் தாக்கும், ஈரம் இரண்டாம் பாதியைத் தாக்கும் என்று கணக்குப் போட்டு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். பலகையின் ஆயுள் பெரும்பாலும் தீர்மானமாவது அந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைக் கோட்டில்.

எது கலக்கும், எது கலக்காது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கதவுக் கடைகளில் ‘டபிள்யூபிசி கதவு’ (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த கூட்டுப்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பிவிசி நுரைப் பலகையில் செய்தது. குளியலறைக்கு அது நல்ல பொருள். இங்கே பேசுவது, பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீனோடு தாவர நாரைக் கலந்து வெட்டவெளியில் கிடப்பதற்கென்றே செய்யும் பலகைகளைப் பற்றி.

ஏன் இந்த இரண்டு பிளாஸ்டிக் மட்டும்? தாவர நார் சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். பாலித்தீன் 130 டிகிரியை ஒட்டி உருகுகிறது, பாலிப்ரொப்பிலீன் 165ஐ ஒட்டி. நார் கருகுவதற்கு முன்பே இவற்றை உருக்கிப் பிசைந்துவிடலாம். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கோ 250 டிகிரிவாக்கில்தான் உருகும், அதற்குள் நார் கரியாகிவிடும். குப்பையில் நம் கண்ணில் அதிகம் படும் பாட்டில் இந்த வேலைக்கு உதவாது. பால் கவர், எண்ணெய் கேன், மூடி, சாக்கு இவைதான் உதவும்.

இந்தப் பலகைகள் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது அமெரிக்காவில். 1990களில் பழைய பிளாஸ்டிக் தாளையும் மர ஆலைத் தூளையும் கலந்து, வீட்டுக்குப் பின்னால் போடும் திறந்தவெளித் தளங்களுக்கான பலகையாக விற்றார்கள். அதுவரை அந்த இடத்தில் இருந்தது ஆர்சனிக், குரோமியம், தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரம். 2003 கடைசியோடு அந்த மருந்து மரத்தை வீட்டு உபயோகத்துக்கு விற்பது அங்கே நின்றுபோனது. கூட்டுப் பலகைக்குச் சந்தை திறந்தது. மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல இருக்கிறது, தண்ணீர் உள்ளே புகாது, பூஞ்சை பிடிக்காது என்பது அன்று பரவலாக இருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்த செய்தி ஒரு சதுப்பு நிலத்திலிருந்து வந்தது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் நடைபாதை போட்டிருந்த கூட்டுப் பலகைகளில் பூஞ்சைக் காளான்கள் முளைத்திருந்ததை பால் மாரிஸ், பால் கூப்பர் என்ற இரு மர ஆய்வாளர்கள் 1998இல் பதிவுசெய்தார்கள். பாசியோ மேலோட்டமான கறையோ என்றால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். முளைத்திருந்தவை மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைகள். பிளாஸ்டிக்குக்குள் இருந்த மரத்தூளை அவை எட்டிவிட்டன.

எப்படி எட்டின? பலகையை முழுதாக எடை போட்டால் அது குடித்த தண்ணீர் மிகக் குறைவாகவே தெரியும். அந்தச் சராசரி ஏமாற்றிவிடும். நடுப்பகுதி காய்ந்தே இருக்க, மேற்புறத்துச் சில மில்லிமீட்டர் மட்டும் பூஞ்சை வாழப் போதுமான ஈரத்தோடு இருக்கலாம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல உடனே காய்ந்துவிடும் ஈரமில்லை அது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஈரம். ஓயாமல் மழையும் புழுக்கமும் உள்ள இடத்தில் அது இறங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

வெயில் செய்வது

தரையை வந்து சேரும் சூரிய ஒளியில் சுமார் 295 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாப் பகுதிதான் பிளாஸ்டிக்குக்கு எமன். பாலித்தீன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சுத்தமான சங்கிலிக்கு இந்த ஒளியை உறிஞ்சும் குணமே கிடையாது. உறிஞ்சுவது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறைகள்: உருக்கும்போது ஆக்சிஜன் பட்டு உண்டான கார்பனைல், பெராக்சைடு தொகுதிகள், தயாரிப்பில் மிஞ்சிய வினையூக்கித் துகள்கள். அங்கே ஒளி பட்டதும் சங்கிலி அறுகிறது. அறுந்த முனை ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் இத்தகைய தொகுதிகளை உண்டாக்குகிறது, அவை இன்னும் ஒளியை உறிஞ்சுகின்றன. வட்டிக்கு வட்டி ஏறுவது மாதிரி, தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, பிறகு மளமளவென்று போகும். பாலிப்ரொப்பிலீனின் சங்கிலி அமைப்பு இதற்கு இன்னும் எளிதாக இடம் கொடுக்கும். சிமெண்ட் வந்த வெள்ளைச் சாக்கில் மணல் நிரப்பி வெயிலில் அடுக்கியவர்களுக்கு, தொட்டதும் நூல் நூலாகப் பொடிந்துபோகும் அந்தச் சாக்கு நினைவிருக்கும்.

அறுந்த குட்டைச் சங்கிலிகள் சும்மா கிடப்பதில்லை. நகர இடம் கிடைத்ததால் அவை ஒழுங்காக வரிசைகட்டிப் படிகமாகின்றன. படிகம் இடத்தைக் குறைவாக அடைக்கும், அதனால் மேற்தோல் மட்டும் சுருங்குகிறது. அடியில் உள்ளது சுருங்கவில்லை. வறண்ட குளத்துச் சேறு மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பது போல, பலகையின் தோல் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கிறது.

நார்ப் பக்கத்தில் வேறொன்று நடக்கிறது. தாவர நாரில் முக்கியமானவை மூன்று: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், இவற்றை ஒட்டவைக்கும் பசைபோன்ற லிக்னின். மூன்றில் ஒளியை அதிகம் குடிப்பது லிக்னின். ஒளி பட்டு முதலில் மஞ்சளாகிறது, பிறகு கரையக்கூடிய சிறு துண்டுகளாக உடைகிறது, மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ். மரநிறத்தில் வாங்கிய பலகை ஓரிரு ஆண்டில் சாம்பல் பூத்துப்போவது இதனால்தான். பசை போன பின் நார் தளர்ந்து உதிரும், அடியில் புதிய பகுதி வெளிச்சத்துக்கு வரும், மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவும் நடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் அது பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். கரும்பை வளைத்து ஒடித்துப் பாருங்கள், முதலில் பிளப்பது வளைவின் வெளிப்பக்கம். வளையும் எந்தப் பலகையிலும் அதிக இழுவிசையைத் தாங்குவது மேற்பரப்புதான். அங்கே இருக்கும் சிறு வெடிப்பு, பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்க ஓரத்தில் போடும் வெட்டு செய்யும் வேலையைச் செய்கிறது.

வெயிலும் மழையும் மாறி மாறி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் அந்நாட்டு வனத்துறையின் வனப்பொருள் ஆய்வகம் இருக்கிறது. 1910இல் தொடங்கியது. அந்த ஆய்வகத்தின் நிக்கோல் ஸ்டார்க்கும், அவருடன் ஆய்வு செய்த லாரன்ட் மாடுவானாவும் 2000களில் மரத்தூள்–பாலித்தீன் கூட்டுப்பொருளை விளக்கொளியில் வைத்து வரிசையாகச் சோதித்தார்கள். அவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று. ஒளியை மட்டும் காட்டிய துண்டுகளைவிட, ஒளியோடு தண்ணீரும் தெளித்த துண்டுகள் வளைவலிமையையும் விறைப்பையும் மிக அதிகமாக இழந்தன. தனித்தனியே பார்த்தால் சமாளிக்கக்கூடிய இரண்டு எதிரிகள் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

காரணம் அந்த எல்லைக் கோடு. செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும், பாலித்தீன் வெறுக்கும். இரண்டும் உண்மையில் ஒட்டுவதில்லை. உருகிய பிளாஸ்டிக் ஆறிச் சுருங்கும்போது நாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டதும் நார் ஊதித் தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை நெட்டித் தள்ளும். காய்ந்ததும் நார் சுருங்கும், தள்ளப்பட்ட பிளாஸ்டிக் திரும்ப வராது. நடுவே மயிரிழை இடைவெளி விழும். அடுத்த மழை அந்த வழியாக இன்னும் ஆழமாகப் போகும். வெயில் திறந்துவைத்த வெடிப்பு இதற்கு வாசல்.

மரத்தூள் எடையில் பாதியைத் தாண்டினால் நிலைமை மோசமாகும். அதுவரை பிளாஸ்டிக்குக்குள் தனித்தனியாக மிதந்த துகள்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கி, மேலிருந்து உள்வரை தண்ணீருக்குத் தொடர் பாதை அமைத்துவிடும். நாரும் தூளும் மலிவு, விறைப்பும் கூட்டும் என்பதால் தயாரிப்பாளருக்கு அதைக் கூட்டத்தான் ஆசை வரும். வெட்டவெளிப் பலகைக்கு அந்த ஆசை ஆகாது.

அதே மேடிசன் ஆய்வுகளில் தச்சர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தெரியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அச்சில் ஊற்றிச் செய்த துண்டின் மேற்பரப்பில் இயல்பாகவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் படிந்திருக்கும். இழைப்புளி போட்டு அந்தத் தோலைச் சீவிய துண்டுகள் சீக்கிரம் கெட்டன. மரம்போலத் தெரிய வேண்டும் என்று கூட்டுப் பலகையை உரசி இழைப்பதும், நீளம் சரியில்லை என்று அறுத்த முனையை அப்படியே விடுவதும், நாரைத் தண்ணீருக்கு நேரடியாகத் திறந்துவிடுவதுதான்.

பழைய பிளாஸ்டிக்கின் பழைய கதை

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மறுசுழற்சி செய்த உயர் அடர்த்திப் பாலித்தீனில் செய்த மரத்தூள் பலகை, புதிய பாலித்தீனில் செய்ததற்கு வலிமையில் ஈடாகவே இருந்ததைக் காட்டியது. இது நல்ல செய்தி. மறுசுழற்சி என்றாலே மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அது பலகை பிறந்த நாளின் வலிமை. வெயிலில் கிடந்த பிறகுதான் பழைய வாழ்க்கை வெளியே வரும்.

ஒரு பால் கவரோ எண்ணெய் கேனோ நம் கைக்கு வருமுன்பே ஒருமுறை உருக்கப்பட்டுவிட்டது. குருணையாக்கும்போது மறுபடி உருக்குகிறார்கள், நாரோடு பிசையும்போது மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும், ஆக்சிஜனோடு மல்லுக்கட்டுவதற்காக முதலில் சேர்த்திருந்த காப்பு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. ஒளியை உறிஞ்சும் கார்பனைல் தொகுதிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. முன்னே சொன்ன வட்டிக் கணக்கில், பழைய பிளாஸ்டிக் வெயிலுக்குப் போகும்போதே கடனோடு போகிறது. கூடவே அச்சு மையின் நிறமிகள், இரும்பு, தாமிரம் போன்ற உலோகத் துணுக்குகள், தரம் பிரிக்கத் தவறிய வேறு பிளாஸ்டிக்குகள். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உருக்கினால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரிந்தே உறையும், வெடிப்பு ஓட இன்னொரு எல்லைக் கோடு கிடைக்கும்.

அதனால் பலகையின் ஆயுள் இயந்திரத்தில் தொடங்குவதில்லை. கவரையும் கேனையும் மூடியையும் கைபார்த்துப் பிரிக்கிறவர்களிடம் தொடங்குகிறது. ஒழுங்காகப் பிரித்துத் தரும் கைக்கு இந்தத் தொழிலில் கிடைக்கும் கூலி, அந்த வேலையின் மதிப்புக்கு அருகில்கூட வருவதில்லை என்பது என் ஆற்றாமை.

தேங்காய் நார் எங்கே நிற்கிறது

உலக அளவில் ஆய்வுகள் பெரும்பாலும் மரத்தூளைச் சுற்றியே நடந்திருக்கின்றன. பொள்ளாச்சியிலும் சிங்கம்புணரியிலும் நார் குவிந்து கிடக்கும் நமக்கு, தேங்காய் நாரைக் கேட்காமல் இருக்க முடியாது. சணலில் லிக்னின் 12, 13 சதவீதம், வாழை நாரில் அதைவிடக் குறைவு. தேங்காய் நாரில் 40 சதவீதத்துக்கு மேல். மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டால் மற்றதெல்லாம் அழுகி, நார் மட்டும் முழுசாக மிஞ்சுவது இந்த லிக்னினால். கட்டுமரம் பிணைத்த கயிறு கடல் தண்ணீரில் தாக்குப்பிடித்ததும் அதனால்தான்.

ஆனால் பலகையில் அதன் நிலை அவ்வளவு நேரானதில்லை. ஈரத்துக்கும் அழுகலுக்கும் எதிராக லிக்னின் காவல், ஒளிக்கு முன்னால் அதுவே பலவீனம். தேங்காய் நாரில் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளவாட்டத்தில் நேராக ஓடாமல் சாய்வாகச் சுற்றியிருக்கின்றன. அதனால் அது நன்றாக இழுபடும், அறுபட நேரமெடுக்கும், ஆனால் சணல் கொடுக்கும் விறைப்பில் பாதிகூடக் கொடுக்காது. பாரம் தாங்கும் உத்தரத்துக்கு அது வேண்டாம் என்பேன். அடி வாங்கும் இடத்துக்கு, ஈரம் ஓயாத இடத்துக்கு, மேலே ஒரு வெயில் காப்பு இருக்குமானால், அது பொருத்தமான நார். காஸ்டிக் சோடாக் கரைசலில் அலசினால் மேலுள்ள மெழுகுப் படலம் போய்ச் சொரசொரப்பாகும், பிளாஸ்டிக் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அலசிய கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

காப்புகள்

எல்லைக் கோட்டை இறுக்க, மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஒட்டுச்சேர்த்த பிளாஸ்டிக்கைச் சில சதவீதம் சேர்ப்பார்கள். அதன் ஒரு முனை நாரோடு வேதிப்பிணைப்பில் சேரும், மறுமுனை பிளாஸ்டிக் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும். இரண்டு வீட்டுக்கும் உறவுக்காரர் ஒருவர் நடுவில் நிற்பது மாதிரி. பூஞ்சையைத் தடுக்க ஜிங்க் போரேட் என்ற உப்பு. எவர்கிளேட்ஸ் பாடத்துக்குப் பிறகு அதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

வெயிலுக்கு மிக மலிவான காப்பு, கரி. மொட்டை மாடித் தொட்டியும் தரைக்குள் போகும் பாலித்தீன் குழாயும் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. குழாயில் 2 முதல் 3 சதவீதம் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் கலந்திருக்கும், அது ஒளியைத் தோலிலேயே மறித்துவிடும். பலகையிலும் செய்யலாம், ஆனால் கறுப்புப் பெஞ்சில் சித்திரை மத்தியானம் யாரும் உட்கார முடியாது. அதிகச் சூட்டில் ஆக்சிஜன் வினையும் வேகமெடுக்கும்.

வெளிர்நிறம் வேண்டுமென்றால் ஹால்ஸ் எனப்படும் அமீன் வகைக் காப்பு மருந்துகள் உண்டு. அறுந்த சங்கிலி முனைகளைப் பிடித்து அடக்கிவிட்டு, தாம் மீண்டும் பழைய நிலைக்கு வரக்கூடியவை, அதனால் நீண்டநாள் வேலை செய்யும். இவற்றுக்கு ஒரு பகை உண்டு, அமிலம். மறுசுழற்சிக் குவியலில் பிவிசி கலந்துவிட்டால் சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், மருந்து முடங்கும். கந்தக மருந்து தெளிக்கும் பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் தாள்களிலும் இதே கதை. விலையுயர்ந்த மருந்தைப் போட்டும் பலகை வெளுத்தால், குற்றம் மருந்தில் இல்லாமல் பிரித்தெடுத்ததில் இருக்கலாம்.

இப்போது சந்தையில் நல்ல பலகைகள் எடுத்திருக்கும் வழி, போர்வை. உள்ளே பழைய பிளாஸ்டிக்கும் நாரும், மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில், மருந்தும் நிறமியும் நிறைந்த தூய பிளாஸ்டிக் உறை. இரண்டையும் ஒரே அச்சிலிருந்து சேர்த்தே பிழிகிறார்கள். வெயில் தாக்குவது அந்த மெல்லிய ஆழத்தில்தான் என்னும்போது, செலவை அங்கே மட்டும் குவிப்பது புத்திசாலித்தனம். வாங்குகிறவர் பார்க்கவேண்டியது, உறை நாலு பக்கமும் இருக்கிறதா, மூன்று பக்கம் மட்டுமா என்பதை. அடிப்பக்கம் திறந்திருந்தால் தேங்கும் ஈரம் அந்த வழியாக ஏறும்.

உறை இல்லாத பலகை பொடியாக உதிர்ப்பது வெறும் தூசியில்லை. அது நுண்பிளாஸ்டிக். குப்பைமேட்டுக்குப் போகாமல் காப்பாற்றிய பிளாஸ்டிக்கை, கடற்கரைப் பெஞ்சிலிருந்து மணலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதில் அர்த்தமில்லை. நீண்டநாள் உழைக்கச் செய்வது இங்கே சூழலியல் கேள்வியும்தான்.

மணிக் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

‘2,000 மணி நேரம் சோதிக்கப்பட்டது’ என்று விளம்பரத்தில் பார்க்கலாம். செனான் விளக்கின் கீழ் வைத்து, இரண்டு மணி நேரச் சுற்றில் 102 நிமிடம் ஒளி மட்டும், மீதி 18 நிமிடம் ஒளியோடு தண்ணீரும் என்பது பரவலான முறை. ஒரு கலவையை இன்னொன்றோடு ஒப்பிட இது மிக நல்ல கருவி. அந்த மணிகளை எந்த எண்ணால் பெருக்கியும் ஆண்டாக மாற்ற முடியாது. பெட்டிக்குள் பூஞ்சை இல்லை, பனி இல்லை, செருப்புக் கால் இல்லை. அதனால்தான் உலகம் முழுவதும் பொருள்களைத் தெற்கு ஃபுளோரிடாவின் புழுக்கத்திலும் அரிசோனாவின் வறட்சியிலும் கொண்டுபோய் உண்மையான வானத்தின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். நாகப்பட்டினம் முதல் வகைக்கு நெருக்கம், கோவில்பட்டி இரண்டாம் வகைக்கு. ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்று சொல்ல முடியாது.

ஊராட்சிக்கோ பள்ளிக்கோ இத்தகைய பெஞ்சு வாங்கப்போகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே ஒரு முழம் பலகையைக் கேட்டு வாங்கலாம். அதில் ஒரு பாதியை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றி, தாளோடு எடை போட்டுக் குறித்துக்கொண்டு, மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து லேசான சாய்வில் வைத்துவிடுங்கள். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் போகட்டும். மழை விட்ட மறுநாள் அதை மறுபடி எடை போடுங்கள், குடித்த தண்ணீர் எவ்வளவென்று தெரிந்துவிடும். பிறகு தாளைப் பிரித்து, இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து நகத்தால் கீறி, கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் பொடியைத்தான், நாளைக்கு அந்தப் பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் சீருடையும் துடைத்தெடுக்கும்.